அத்தா சொன்ன கிழமை

ஏற்காடு

அன்புள்ள ஆன்மேரிக்கு,

கடைக்கார ஷஹீதா எழுதுகிறேன். அன்புள்ள என்று போட்டுவிட்டேன். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் அந்தச் சொல்லில் எதையும் தேட வேண்டாம். இங்கே யாரும் நலமில்லை. நீங்கள் கத்தாரில் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் அம்மா அற்புதம் அக்கா வந்திருந்தபோது உங்கள் புது வீட்டின் ஏசி, பால்கனி எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார்.

கண்ணு கண்ணு என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் இப்போது நீங்க வாங்க என்கிறாளே என்று நினைப்பீர்கள். கிளியூரிலிருந்து நடந்து வந்து என் கடையில் பன் வாங்கித் தின்ற பெண்ணைத்தான் நான் கண்ணு என்று கூப்பிட்டேன். இதை எழுதுவது என் மகளுக்கு ஆம்புலன்ஸ் வேலையைக் காட்டிக் கொடுத்த டீச்சருக்கு. டீச்சருக்கு மரியாதை தர வேண்டாமா?

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் நான் அழுவேன், நீங்களும் அழுவீர்கள், ஆளுக்கொரு தடவை மூக்கைச் சிந்திவிட்டு வைத்துவிடுவோம். காரியம் நடக்காது. நான் இத்தாவில் இருக்கிறேன். புருஷன் போனவள் வாசல் தாண்டாமல் இருக்க வேண்டிய மாதங்கள் இவை. வீட்டில் எந்நேரமும் துக்கம் விசாரிக்க யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். கொழுந்தனார் சாதிக் பாஷா முன்பக்கம் கடையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் காதில் விழக் கூடாத விஷயம் இது. அதனால்தான் எழுதி, ஒட்டி, அற்புதம் அக்காவிடம் கொடுக்கிறேன். அடுத்த வாரம் அவர் உங்களிடம் வரும்போது ஊறுகாய் பாட்டிலோடு இதுவும் வரும்.

ஜெப்சன் வாத்தியார் ஒரு போஸ்டரைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கொழுந்தனார் அதை உள்ளே கொண்டுவந்து காட்டினார். நீலச் சட்டையில் என் மகள் அஃப்சானாவின் படம். கீழே கொட்டை எழுத்தில் "பெற்ற தந்தையையும் காத்திருக்க வைத்த கடமை உணர்வு" என்று போட்டிருக்கிறது. உயிர் காக்கும் பணிக்கு வாருங்கள் இளைஞர்களே என்று இன்னொரு வரி. மாதக் கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முன்னால் அவள் பேசுவாளாம், நீங்கள் அங்கிருந்து திரையில் பேசுவீர்களாம். இவளைப் பார்த்துப் பத்துப் பிள்ளைகளாவது இந்த வேலைக்கு வருவார்கள் என்று சொன்னீர்களாம். நல்ல யோசனை. என் வீட்டுக்காரர் செத்தது பத்துப் பேருக்கு வேலை வாங்கித் தருமென்றால் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். கொழுந்தனாருக்கு ஒரே பெருமை. போஸ்டரைக் கடைச் சுவரில், தைல பாட்டில்களுக்கு மேலே ஒட்டிவிட்டார்.

அவள் அந்த மேடையில் என்ன பேசப் போகிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் போஸ்டரில் போட்ட கதையைப் பேசப் போவதில்லை. எங்கள் அத்தாவை நான்தான் சாகவிட்டேன் என்று சொல்லப் போகிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, நாளைக்குப் பவர் கட்டாம் என்கிற மாதிரி சாதாரணமாக என்னிடம் சொன்னாள். அதற்காகத்தான் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாளாம்.

உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். அவள் பிளஸ் டூ படித்தபோது நீங்கள் அந்தச் சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். ஆம்புலன்சில் டிரைவரைத் தவிர இன்னொரு ஆள் உண்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஆளின் வேலை, அதற்குப் படிப்பு இருக்கிறது, பெண் பிள்ளைகளும் வரலாம் என்று பேசினீர்கள். ஆறு பிள்ளைகள் உங்கள் பின்னால் வந்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்குப் புத்தி இருந்தது. நான் பி.காம். என்றேன், சேலத்தில் மாப்பிள்ளை என்றேன். யார் கேட்டார்கள்? என் வீட்டுக்காரர்தான், "புள்ள நொம்ப ஆசப்படுது ஷஹீதா, நாலு உசுரக் காப்பாத்துற வேல, உடு" என்று என் வாயை அடைத்தார். படிப்பு முடிகிற வரைக்கும் நீங்கள் அவளை விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகும், நீங்கள் கத்தார் போன பிறகும், ஞாயிறுதோறும் சாயங்காலம் போன் போட்டுச் சொல்லிக் கொடுத்தீர்கள். கூடப் பிறந்த அக்கா கூட இவ்வளவு செய்ய மாட்டாள். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

போனை வைத்ததும் அவளுக்கு ஒரு நோயாளி வேண்டும். அதற்குத்தான் ஓர் ஆள் தயாராக இருந்தாரே! டூரிஸ்ட் கூட்டம் வடிந்ததும் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். "டாக்டரம்மா, பஸ் மோதிப்போடுச்சுங்க, சீக்கிரம் பாருங்க" என்று முனகுவார். நீங்கள் சொல்லிக் கொடுத்த கேள்விகளை இவள் கேட்பாள். பேர் என்ன, எங்கே இருக்கிறீர்கள், இன்று என்ன கிழமை. சரியாகச் சொன்னால் புத்தி தெளிவாக இருக்கிறது, தப்பாகச் சொன்னால் உள்ளே ஏதோ ஆபத்து என்று அர்த்தமாம். ஞாயிற்றுக்கிழமை என்பார். பாஸ் என்பாள்.

பிறகு வார நாட்களிலும் இந்தக் கூத்து தொடங்கியது. செவ்வாய்க்கிழமை கேட்டாலும் வியாழக்கிழமை கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்வார். "அத்தா ஃபெயில்!" என்று இவள் கத்துவாள். "நீங்க வந்து பாத்தா எனக்கு எந்நாளும் ஞாயித்துக்கெழமதானுங்க டாக்டரம்மா" என்பார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சோறு ஆறிப்போகிறது என்று நான் சத்தம் போடுவேன். நீங்களும் ஒரு தடவை போனில் கேட்டுச் சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பாய் மாமா மாதிரி ஒரு பேஷன்ட் எனக்குக் கிடைக்கவில்லையே என்றீர்கள்.

அந்தப் புதன்கிழமை சேலத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு குப்பனூர் வழியாக ஒரு வேனில் வந்துகொண்டிருந்தார். செம்மநத்தத்துக்காரர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். மேலிருந்து இறங்கிய ஒரு கார் வளைவில் தப்பான பக்கம் வந்து மோதியது. ஓட்டியவன் குடித்திருந்தான். நம் ஊர் ஆம்புலன்ஸ் போனது. டிரைவர் செபாஸ்டின், கூட இவள்.

இறங்கியதும் இவள் கண்ணில் முதலில் பட்டது அவள் அத்தாதான். ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு கீறல் இல்லை. இவள் ஓடினாள். அவர் கையைக் காட்டி, "எனக்கொன்னுமில்ல சாமி, அங்க பாரு" என்றாராம். அங்கே அந்தக் கார்க்காரன் சத்தமே இல்லாமல் கிடந்தான். கத்துகிறவர்களுக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாமல் கிடக்கிறவர்களிடம் முதலில் போ என்பது உங்கள் பாடம். போனாள். தொண்டையில் அடைத்திருந்ததை எடுத்து மூச்சு வர வைத்துப் படுக்கையில் ஏற்றினாள். பக்கத்துப் பெஞ்சில் தொடை ஒடிந்த ஒரு பெண்ணைப் படுக்க வைத்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. அந்த இடம் அத்தாவுக்கா, நெற்றி கிழிந்த ஒரு குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்க்கா?

திரும்பி வந்து அவரிடம் கேட்டாள். பேர் சொன்னார். குப்பனூர் ரோடு என்றார். கிழமை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றார்.

இவள் சிரித்துவிட்டாள், ஆன்மேரி. அத்தனை ரத்தத்துக்கு நடுவில், அத்தா விளையாடுகிறார், அப்படியென்றால் அத்தாவுக்கு ஒன்றுமில்லை என்று போன உயிர் திரும்பி வந்து சிரித்திருக்கிறாள். "அத்தா ஃபெயில்" என்று சொல்லி அவருடைய ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுவிட்டு, குழந்தையையும் தாயையும் முன்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவர் கையைத் தொட்டாளாம், சில்லென்று இருந்ததாம். கை சில்லிட்டிருந்தால் உள்ளே ரத்தம் போகிறதா என்று பார் என நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். மார்கழிப் பனியில் இந்த மலையில் யாருக்கு டீச்சர் கை சூடாக இருக்கிறது? இங்கேயே பிறந்து வளர்ந்தவர் நீங்கள், அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அடுத்த வண்டி கீழேயிருந்து ஏறி வருவதற்கு நேரமாகிவிட்டது. அதுவரை அவர் பக்கத்தில் இருந்தது அதே வேனில் வந்த செம்மநத்தம் தேவகுமாரி. துக்கத்துக்கு வந்தபோது சொல்லிச் சொல்லி அழுதாள். போகிற ஆம்புலன்சைக் காட்டி, "அதுல போறது என்ற பொண்ணுங்க" என்றாராம். நின்று பார்த்த லாரிக்காரரிடமும் தன் மகள் என்று சொன்னாராம். பிறகு குளிருது என்றாராம். தேவகுமாரி தன் துண்டைப் போர்த்திவிட்டிருக்கிறாள். கண்ணை மூடியதும், அசதியில் தூங்குகிறார் என்று எழுப்பாமல் விட்டிருக்கிறாள்.

சேலம் ஆஸ்பத்திரி வராண்டாவில் அஃப்சானா என் மடியில் விழுந்து முதலில் சொன்னதே இதுதான். "அத்தா ஞாயித்துக்கெழமன்னாரும்மா, நான் சிரிச்சுப்போட்டேம்மா." எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு சின்ன வயசு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம், முதல் வண்டியில் வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்திருக்கலாம், அங்கே நின்று பார்த்தது யாரும்மா என்று என்னிடமே கோபப்பட்டார். தெரியலைங்க என்றேன். கிழமையைத் தப்பாகச் சொன்னால் என்னங்க அர்த்தம் என்று கேட்டேன். ரத்தம் இறங்கினால் புத்தி தடுமாறும், அப்போதே உஷாராகியிருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அஃப்சானாவிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

விளையாட்டாகச் சொன்னாரா, தடுமாறிச் சொன்னாரா? இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு இடம் கிடைக்கட்டும் என்று, இவளைச் சிரிக்க வைத்து அனுப்புவதற்காகவே சொல்லியிருக்கவும் கூடும். அவர் அதைச் செய்யக்கூடிய ஆள்தான். படுபாவி மனுஷன், போகிற நேரத்திலும் வெளிப்படையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

கார்க்காரன் பிழைத்துவிட்டான். நன்றாகவே பிழைத்துவிட்டான். போன மாதம் அவனைப் பெற்றவர்கள் ஆப்பிள் கூடையோடு வீட்டுக்கு வந்தார்கள். மகனைக் காப்பாற்றிய பெண்ணின் வீடு எது என்று மட்டும் விசாரித்து வந்திருக்கிறார்கள், வேறெதுவும் அவர்களுக்குத் தெரியாது. நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் அஃப்சானாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, இப்படியொரு பெண்ணைப் பெற உங்க அப்பா கொடுத்து வைத்திருக்க வேண்டும், அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறோம் என்றார். அத்தா சரக்கு எடுக்கச் சேலம் போயிருக்காருங்க என்றாள் என் மகள். டீ போட்டுக் கொடுத்தாள். வாசல் வரை போய் வழியனுப்பினாள்.

அவர்கள் போன பிறகு ஆப்பிளைக் கழுவி, வெட்டி, ஒரு தட்டில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் காலால் தள்ளிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தின்றாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. போதும் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

எனக்கு அவள் மேல் ஆத்திரம் இருக்கிறது. பெற்றவளுக்கு இருக்கக் கூடாதுதான், இருக்கிறதே, என்ன செய்ய? ஒரு குடிகாரனின் தொண்டையில் கையை விட்டு உயிரை இழுத்து வந்தவளுக்கு, தன் அத்தாவின் ஸ்வெட்டரைத் தூக்கி வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே என்று நெஞ்சு எரிகிறது. அந்த எரிச்சலில் போன செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன். அவள் டியூட்டிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, இன்னிக்கு என்ன கெழமைங்க?" என்று கேட்டேன். அவர் இழுக்கிற மாதிரியே இழுத்துக் கேட்டேன். குத்த வேண்டும் என்றேதான் கேட்டேன்.

அவள் ஷூ கயிற்றைக் கட்டி முடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழமைங்கம்மா" என்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவளும் வேண்டுமென்றே சொன்னாளா, தடுமாறிச் சொன்னாளா? திரும்பவும் கேட்கலாம் என்று வாயெடுக்கிறேன், கேட்காமல் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அவளை இறக்கிவிட வந்த செபாஸ்டினிடம் திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல விசாரித்தேன். "வேலைல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. ஆனா பேஷன்டுகிட்ட கெழம மட்டும் கேக்க மாட்டேங்குதுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். காலி வண்டி மலை இறங்கும்போது இவள் சீட்டில் உட்காருவதில்லையாம். பெல்ட் போடாமல் பின்கதவில் சாய்ந்து நின்றுகொண்டே வருகிறாளாம். வளைவில் கதவு திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று அவர் திட்டினாராம். "என்னண்ணா ஆகும்" என்று திருப்பிக் கேட்டாளாம்.

இதற்குத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். முதலில் அந்த மேடையை நிறுத்துங்கள். அவள் அங்கே நின்று கிழமைக் கதையைச் சொல்லிவிட்டால் கொழுந்தனார் அவளை இந்த வீட்டில் வைத்திருக்க மாட்டார். அண்ணன் என்றால் அவருக்கு உயிர். போஸ்டர் ஒட்டிய அதே கையால் அவள் துணிமணிகளைத் தூக்கி வெளியே போடுவார். நானும் தடுக்க மாட்டேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அது மட்டும் போதாது. நீங்கள் அவளிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும். எந்த வண்டியில் போயிருந்தாலும் உன் அத்தா பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லுங்கள். பெரிய டாக்டர்களிடம் கேட்டேன் என்று சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்த மருத்துவச் சொல் எதையாவது போட்டுச் சொல்லுங்கள். அடிபட்டவரிடமும் அவர் வீட்டாரிடமும் பொய் சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தது எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தையும் அத்தாவும் மகளும் இங்கே சாக்கு மேல் படுத்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அவரு எப்படியும் போயிருப்பாரு சாமி" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதைக் கேட்டவளுக்கு, உள்ளே இவ்வளவு ஆத்திரத்தை வைத்திருப்பவளுக்கு, அந்தப் பொய் வாயில் நிற்கவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாள். உங்களை நம்பித்தானே இந்த வேலைக்கே போனாள்.

பொய் சொல்ல முடியாது என்றால் விடுங்கள், மேடையை நன்றாக அலங்காரம் செய்யச் சொல்லுங்கள். அவள் சொல்வதைத் திரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு நீங்களும் கேளுங்கள். அந்தப் பத்துப் பிள்ளைகளில் யாராவது கேட்பார்கள், அந்தக் கேள்வியை இந்த அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று. எழுந்து நின்று கையைத் தூக்குங்கள்.

ஐயோ, என்னென்னவோ எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு எழுத எனக்குத் தெம்பில்லை. இதற்கு மேல் நீங்க வாங்க எல்லாம் வரவும் இல்லை. கண்ணு, எனக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். அவள் மேல் எரிகிற மனசு, சாயங்காலம் சைரன் சத்தம் கேட்டால் அவள் வண்டிதானா என்று வாசலுக்கு ஓடுகிறது. வாசல் வரைதான் ஓட முடிகிறது, தாண்டக் கூடாதே. செபாஸ்டின் இறக்கிவிட்டுப் போகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன். அவள் உள்ளே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நீ நன்றாக இரு என்று மனசார எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அவர் இருந்தால் கட்டாயம் எழுதச் சொல்லியிருப்பார். அதனால் அவர் பேரில் எழுதுகிறேன்: அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

அவர் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போன் அடித்தால் அவள் எடுப்பதில்லை, அடித்து ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் அன்றைக்கே கூப்பிடு. ஞாயிறு வரட்டும் என்று இருந்துவிடாதே, சாமி. வேறு எந்தக் கிழமையானாலும் சரி, எடுக்கிற வரைக்கும் அடி.

இப்படிக்கு,
அஃப்சானாவின் அம்மா
ஷஹீதா